எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டியவர்

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ரோஸ் ஹில் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தபோது எடுத்தவன் நான்தான். மாணிக்கம் அண்ணா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மைத்துனர் சொன்னார். தீவெல்லாம் தேர்தலையும், வரப்போகிற சுதந்திரத்தையும் பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கோ, எதிர் மேசை காலியாகிவிட்டது என்பதைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை.

உங்களில் பலருக்கு அவர் ஒழுங்கான குமாஸ்தா, கோயில் பந்தியில் முதலில் வாளி தூக்குகிறவர். எனக்கு அவர் கையெல்லாம் கிரீசோடு நிற்கிறவர். பாம்பூ கிராமத்தைத் தாண்டி, கடற்கரையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சிறு படகு வைத்திருந்தோம். அதன் பின்புறம் மாட்டும் எஞ்சின், காஸ்தோன் என்ற மீனவரின் கொட்டகையில் இருக்கும். வருடத்தில் ஐந்தாறு தடவை கடலுக்குப் போனால் அதிகம். ஆனாலும் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு அண்ணா பஸ் ஏறிவிடுவார். "எஞ்சினுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்" என்பார், அங்கே மாடு கட்டியிருப்பவர் மாதிரி.

பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, உள்ளே கடல் உப்புத் தங்காமல் இருக்க எஞ்சினை அதில் இறக்கி ஓட்டுவார். பிறகு பெட்ரோலை அடைத்துவிட்டு, உள்ளே மிச்சம் இருப்பது தீர்ந்து அது தானாக நிற்கும்வரை காத்திருப்பார். பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார். "ஓடுற எஞ்சின் கெடாது தம்பி, சும்மா கிடக்கிறதுதான் கெடும்." பெட்ரோலைப் புகையாக்குகிறீர்கள் என்று நான் கிண்டல் செய்தால், சிரித்துக்கொண்டே என் சட்டையில் கை துடைப்பார்.

ஒரு வருடம், காவடி விரதத்துக்கு முந்தின நாள் கடலுக்குப் போய் வந்தோம். அண்ணாவுக்குக் காய்ச்சல். "இந்தத் தடவை உன் முறை" என்று சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்பினார். எனக்குச் சோம்பல். எஞ்சினை அப்படியே கொட்டகையில் சாய்த்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து விரதம் என்பதால், மீன் நாற்றம் பிடித்ததைத் தொடக்கூடாது என்று சாக்கும் கிடைத்தது. அண்ணா பல வாரம் படுத்திருந்தார். பார்க்கப் போனபோதெல்லாம் கேட்டார்: "தண்ணி காட்டினியா?"

"காட்டிட்டேன் அண்ணா" என்றேன். மீன் நாற்றம் ஆகாது என்று பார்த்தவன், பொய் ஆகாது என்று பார்க்கவில்லை.

அவர் எழுந்து வந்த முதல் ஞாயிறு, நாங்கள் கரையில் நிற்கும்போதே, கடலில் காஸ்தோனின் பாய்மரம் முறிந்து அவர் படகு பவளப்பாறைப் பக்கம் அடித்துக்கொண்டு போனது. எஞ்சினை ஓடிப்போய் எடுத்து எங்கள் படகில் மாட்டினோம். அண்ணா கயிற்றை இழுத்தார். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக உப்பு. என்னை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். "துடுப்பை எடு" என்றார். எதிர்காற்றில் துழாவிப் போய்ச் சேர்வதற்குள் அவர் படகு பாறையில் உடைந்துவிட்டது. காஸ்தோன் உயிரோடு கிடைத்தார். கிழிந்த காலோ பிறகு நேராகவே இல்லை.

கரையில் காஸ்தோனின் மனைவி கத்தினாள்: "எஞ்சினுக்கு என்ன ஆச்சு?"

"என் முறை. நான்தான் மறந்துட்டேன்" என்றார் அண்ணா.

இரண்டு வருடம் காஸ்தோன் அவரோடு பேசவில்லை. அண்ணா அந்த வீட்டு வாசலில் தலைகுனிந்து போய், தண்ணீர் காட்டிவிட்டு, தலைகுனிந்தே திரும்புவார். நான் கூடவே போய் வந்தேன். ஒரு நாள் பஸ்ஸில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது கோள். நீ சொன்னா அது வேற. முடியறப்போ சொல்லு."

அவர் உயிரோடு இருந்தவரை எனக்கு முடியவில்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை அடக்கத்துக்குக் காஸ்தோன் காலை இழுத்துக்கொண்டு வந்தார். மண் போட்டு முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, எங்கள் தீவின் கிரியோல் மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து குழிமேட்டில் இன்னொரு பிடி மண் போட்டார்.

"இத அவன் இருக்கப்போ சொல்லியிருக்கலாமே, மோ ஃப்ரேர்" என்றார்.

சகோதரா என்று அவர் என்னை அழைத்ததைத் தாங்க முடியாமல் அழுதேன். அண்ணா பிளக் கழற்றும் சாவியை அண்ணி என்னிடம் கொடுத்திருந்தார். அது என் சட்டைப் பையில் கனத்தது.

காஸ்தோன் தொப்பியை மாட்டிக்கொண்டு கேட்டார்: "நாளைக்கு ஞாயிறு. யார் முறை?"

"என் முறை" என்றேன்.