சிப்பிக்கு நிழல் காட்டிய கை

மட்டாஞ்சேரியில் ஒரு கடலுயிர்க் காட்சிக்கூடத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே கடல்தண்ணீர் கொண்டுவருபவரை எல்லோரும் சேட்டன் என்றே கூப்பிடுவோம். உப்புப் பூத்த லுங்கி, வெயிலில் செம்பட்டையான மீசை. எந்தத் தொட்டியைக் கடந்தாலும் அதன்மேல் உள்ளங்கையை நீட்டி நிழல் விழவைப்பார்.

லட்சத்தீவிலிருந்து அனுமதியோடு வந்த ராட்சதச் சிப்பி ஒன்று நீலமும் பச்சையுமாக மின்னியது. சித்திரை வெயிலைத் தாங்காதே என்று தொட்டிமேல் சாக்கு விரித்தேன். சில வாரத்தில் அதன் சதை வெளுத்துவிட்டது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

சேட்டன் சாக்கை விலக்கிக் கையை நீட்டினார். நிழல் பட்டதும் சிப்பி வெடுக்கென்று சுருங்கியது.

"உசிர் இருக்கு சேச்சி. இதோட சதைக்குள்ள பாசி குடியிருக்கு. வெயில் பட்டாத்தான் அது ஆகாரம் உண்டாக்கி இதுக்கும் கொடுக்கும். நீங்க அடுக்களையைப் பூட்டிட்டீங்க."

"வெயில்ல வெந்துடாதா?"

"அதுக்குத்தானே அந்த மினுமினுப்பு! வேண்டாத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிடும்."

இதையெல்லாம் அவர் எங்கே கற்றார் என்று நான் கேட்கவே இல்லை.

அப்புறம் சாக்கை விரிக்கவில்லை; ஓணத்துக்குள் நீலம் திரும்பியது. வாசலில் தண்ணீர்க் கேன்களை இறக்கிக்கொண்டிருந்த சேட்டனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் முகத்துக்கு நேரே கையை நீட்டி வெயிலை மறைத்தார். நான் கண் சிமிட்டினேன்.

"சேச்சிக்கும் உசிர் வந்தாச்சு" என்று கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.