சுண்ணாம்பு பூசிய கல்

லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி என்னைக் கண்டதும் எழும்பி, "லிஃப்ட் எக வெட நே, அங்கிள்" என்றார். வேலை செய்யவில்லையாம். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் லிஃப்டுக்கும் பௌர்ணமிப் போயா விடுமுறை கிடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஒரு கையில் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய மீன், மற்றக் கையில் மரக்கறிப் பை. வீடு உச்சி மாடியில். ஒரு காலத்தில் வாரம் தவறாமல் மலை ஏறினவன் என்று சொன்னால் இப்போது என் முழங்காலே நம்பாது.

பாதி வழியில் யாரோ ஒரு புண்ணியவதி படிக்கட்டுத் திருப்பத்தில் கற்பூரவள்ளிச் சாடி ஒன்று வைத்திருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை பட்டு ஓர் இலை கசங்கியது. மணம் மூக்கில் ஏறவும், சட்டைப் பைக்குள் போன் கிணுகிணுக்கவும் சரியாக இருந்தது.

ஒரு படம். கல் பாவிய ஒடுக்கமான மலைப் பாதை. ஒரு பக்கம் காய்ந்த மலை, மறு பக்கம் பாதாளத்தில் நீலக் கடல். நடுவில் தொப்பியும் முதுகுப் பையுமாக ஐரீன். கூடவே அவளுடைய குரல்: "மாமா, நீங்க சொன்ன வளைவு இதுதானே? இங்க வெள்ளக் கல்லு ஒண்ணுமே இல்ல. நல்லாத் தேடிப் பாத்துட்டேன். அப்பாட்ட என்ன சொல்றது?"

ஐரீன் என் நண்பன் செல்வத்தின் மூத்த மகள். இத்தாலியில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. செல்வம் பக்கவாதத்தில் விழுந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பேச்சு பாதிதான் வெளியே வருகிறது. வந்த அந்தப் பாதியில் மகளிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கிரேக்கத் தீவுக்குப் போ, அந்த மலைப் பாதையில் ஏறு, அந்த வளைவில் ஒரு தடவை நின்றுவிட்டு வா. அவன் போட்ட நேர்த்தி அது. பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, நாற்பது வருசத்துக்குக் கிட்டக் காட்டாமலே இருந்துவிட்டான். அவள் லீவு எடுத்துப் போய்விட்டாள். கல்லைத்தான் காணவில்லை.

கல்லின் கதையைச் சொல்லாமல் இது உங்களுக்கு விளங்காது. அந்த மணத்திலிருந்தே தொடங்குகிறேன். இப்போதைக்கு எழும்ப எனக்கும் தெம்பில்லை.

நானும் செல்வமும் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் வேலை செய்தோம். நான் வெள்ளவத்தை, எஞ்சின் அறையில் எண்ணெய் பூசுகிறவன். அவன் கொட்டாஞ்சேனை, சமையல்கட்டு. அவன் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அந்த நாட்களில் கப்பல்களுக்குச் சரக்குக் கிடைக்காமல் பெரிய மந்தம். முதலாளிமார் கப்பல்களைத் தீவுகளின் ஓரங்களில் நங்கூரம் போட்டுச் சும்மா நிறுத்தி வைத்தார்கள். எங்கள் கப்பலையும் ஆளரவம் இல்லாத ஒரு விரிகுடாவில் நிறுத்தி, காவலுக்கு எங்கள் இருவரையும் ஒரு கிழட்டு எஞ்சினியரையும் விட்டுவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை செய்து களைப்பதை விடச் சும்மா இருந்து களைப்பது கொடுமை. எஞ்சினியர் அதையும் செய்யவில்லை. தூங்கினார்.

டெலிபோன் இருந்த கிராமம் மலைக்கு அந்தப் பக்கம். கழுதைப் பாதை ஒன்றுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிறு படகில் கரைக்கு வந்து ஏறத் தொடங்கினால், வெயில் உச்சிக்கு வருமுன் கிராமத்துக் கோப்பிக் கடையை அடையலாம். கடைக்காரி இரீனி என்று ஒரு பெரிய மனுசி. கறுப்புச் சட்டை, கப்பல்காரர்களிடம் பொறுக்கிய ஆங்கிலம். அவளுடைய போனிலிருந்து கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக் கடைக்கு எடுப்போம். செல்வத்தின் மனைவி ராணி அங்கே வந்து காத்திருப்பாள். அவளுக்கு வயிற்றில் பிள்ளை. முன்பு இரண்டு தடவை தங்கவில்லை. இதுவாவது தங்கவேண்டுமே என்பதுதான் செல்வத்துக்கு அப்போது மூச்சும் பேச்சும்.

பாதை முழுக்க முட்டிக்கால் உயரச் செடிகள். காற்சட்டை உரசினால் குப்பென்று மணம். "கற்பூரவள்ளி மாதிரியே இருக்கு மச்சான்" என்று சொல்லிச் செல்வம் ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு போய் ரசம் வைத்தான். எஞ்சினியர் அதை மருந்து என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அன்று முழுக்க விழித்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தப் பாதையில் அங்கங்கே சின்னக் கற்குவியல்கள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவை. பாதை பிரியும் இடங்களில், திரும்பும் இடங்களில். முதல் நாளே செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டான்.

"யாரோ நேந்துக்கிட்டு வச்சிருக்காங்க மச்சான். எங்க தோட்டத்துல மலைக்குப் போற வழியெல்லாம் இப்படித்தான். மரத்தடியில கல்லுச்சாமி இருக்கும். கொழுந்தெடுக்கப் போறவங்க ஒரு எலையோ கல்லோ வச்சிட்டுத்தான் போவாங்க."

நான் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. யாழ்ப்பாணம் போகும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்காமல் போனால் ஊர் போய்ச் சேரமாட்டோம் என்று நம்பி வளர்ந்தவன் நான். வழியில் கல் இருந்தால் அது சாமிதான். வேறு என்னவாக இருக்க முடியும்? ஆகவே நானும் ஒவ்வொன்றிலும் ஒரு கல் வைத்தேன்.

மலை உச்சிக்குச் சற்று முன் ஒரு வளைவு. அங்கே பாதை உள்ளே திரும்பிவிடும். திரும்பாமல் நேரே நாலு எட்டு வைத்தால் பாறை விளிம்பு, கீழே கடல். அங்கிருந்து கிழக்கே பார்த்துக்கொண்டு செல்வம் நிற்பான். "நேரா போனா நம்ம ஊருதானே" என்பான். நேரே போனால் துருக்கி. நான் சொல்லவில்லை. அந்த விளிம்பில் அவன் தனக்கென்று ஒரு குவியல் தொடங்கினான். ஞாயிற்றுக்கு ஞாயிறு அது வளர்ந்து என் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அந்த மலையிலேயே பெரிய குவியல் அதுதான்.

ஒரு ஞாயிறு நாங்கள் கடைக்குள் நுழைந்தபோது இரீனி கொதித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் மாலை இரண்டு ஜெர்மன்காரர், கணவனும் மனைவியும், மலை நடைக்கு வந்தவர்கள், குவியல்களைப் பார்த்துப் பார்த்து நடந்து நேரே அந்த விளிம்புக்குப் போய்விட்டார்களாம். மனுசி சறுக்கி ஒரு புதரைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். ஆட்டுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். இரீனி மேசையில் சீனிக்கட்டிகளை அடுக்கி எங்களுக்குப் பாடம் நடத்தினாள். "கல் இருந்தால் பாதை. கல், பாதை. கல், பாதை." பிறகு கடைசிக் கட்டியை மேசை விளிம்பில் வைத்துத் தட்டிவிட்டாள். அது கீழே விழுந்தது. "எந்த மடையன் அங்கே கல் வைத்தான்?"

மடையன் எனக்குப் பக்கத்தில் நின்றான். முகம் செத்துவிட்டது.

வெளியே வந்து நான் சொன்னேன். "செல்வம், அதை இண்டைக்கே கலைக்க வேணும். ஆக்கள் விழுந்து செத்துப் போவினம்."

"ராணிக்கு இன்னும் பொறக்கல மச்சான். நேந்துக்கிட்டதப் பாதியில கலைச்சா…"

மிச்சம் எனக்கு விளங்கியது. ஒரு பக்கம் யாரோ பெற்ற பிள்ளைகள், இன்னொரு பக்கம் இன்னும் பிறக்காத பிள்ளை. கலை என்று சொல்லவும் வாய் வரவில்லை, விடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் உள்ளே போய் இரீனியிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராணி, தங்காத இரண்டு பிள்ளைகள், கல்லுச்சாமி, எல்லாம்.

அவள் சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டினாள். அதில் சின்னச் சின்னத் தகடுகள் தொங்கின. கால், கை, கண், ஒரு குழந்தை. எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயில்களில் நேர்த்தி வைத்துத் தொங்கவிடும் அதே வெள்ளித் தகடுகள். "இதில் எனக்கும் ஒன்று" என்றாள்.

சுண்ணாம்பு வாளியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு அவளும் எங்களோடு வந்தாள். குவியல் முழுவதற்கும் அடியிலிருந்து நுனிவரை வெள்ளை பூசினாள். ஒரு தகரக் குவளையில் ஒலிவ் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு மேலே வைத்தாள். வெள்ளை பூசினால் அது அவர்களுக்குக் கோயில். அதைப் பார்த்து யாரும் வழி தேட மாட்டார்கள், கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவள் சிலுவை போட்டாள், செல்வம் தலையில் குட்டிக்கொண்டான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்த நிற்பில் எனக்கு ஏன் அழுகை வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு ஒன்றில் மருந்துக்கடைக்காரர் போனில் கத்தினார். "பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் சொகம்!" செல்வம் ரிசீவரை இரீனியின் காதில் வைத்தான், அவளுக்குத் தமிழ் தெரிந்தது போல. பிள்ளைக்கு இரீனி என்றே பெயர் வைப்பேன் என்று நின்றான். ராணி அதை ஐரீன் என்று ஆக்கினாள். கிறிஸ்தவர்கள் நிறைந்த கொட்டாஞ்சேனையில் ஐரீனுக்கா பஞ்சம், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சில வாரத்தில் கம்பெனி எங்களை வீட்டுக்கு அனுப்பியது. கடைசியாக அந்த வளைவில் நின்றுதான் செல்வம் சொன்னான், புள்ளயக் கொண்டாந்து காட்டுறேன் என்று.

மிச்சப் படிகளையும் ஒருவாறு ஏறி, மீனைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, திரும்ப அத்தனை படிகளும் இறங்கி, களுபோவிலவுக்கு ஆட்டோ பிடித்தேன். மதியம் நோயாளரைப் பார்க்கும் நேரம். வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். வேறெங்காவது வெள்ளைக் கல் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பு என்று ஐரீனிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த வளைவைப் பற்றி அவனை ஏமாற்றும் அளவுக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது.

படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். நன்றாக இருக்கிற கண்ணால் பார்த்தான்.

"வெள்ள… கல்லு?"

"இல்லையாம் செல்வம். ஒண்டும் இல்லையாம்."

விரலால் படத்தைத் தொட்டான். அது நழுவி, ஐரீன் எடுத்த அடுத்த படம் வந்தது. பாதை ஓரத்தில் ஒரு மஞ்சள் அறிவிப்புப் பலகை. அடுக்கிய கற்களின் மேல் சிவப்புக் கோடு.

"என்னது?"

"இங்க கல் அடுக்கக் கூடாதாம்."

அவன் வாயின் ஒரு பக்கம் மெல்ல மேலே போனது.

"நம்மளாலதான்… போட்டிருப்பானுங்க."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். செல்வத்துக்குச் சத்தம் வரவில்லை, கண்ணால் தண்ணீர் வந்தது. சிரிப்பு அடங்கியதும் முதல் படத்தைத் திரும்பக் கேட்டான். மகளை மட்டும் பார்த்தான்.

"நிக்கிறால்ல… அங்க."

"ஓம். நிக்கிறாள்."

"போதும் மச்சான்." கண்ணை மூடிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தேன். சரியான அலுப்பு. கப்பலை எங்கோ ஒரு கரையில் இழுத்துப் போட்டு வெட்டி விற்றுவிட்டார்கள் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். கொட்டாஞ்சேனை மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். ராணி செத்துப் போய் ஐந்தாறு வருசம். நேற்று ஐரீன் விசாரித்ததில், கோப்பிக் கடை கண்ணாடிக் கதவோடு ஹோட்டல் ஆகிவிட்டதாம், இரீனி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லையாம். பாதை மட்டும் இருக்கிறது, அதற்கும் நம்பர் போட்டுவிட்டார்கள். கல் போனதற்கு நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க வேண்டாம். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

ஐரீனுக்குப் பேசி அனுப்பினேன். "பிள்ளை, அப்பா படத்தைப் பார்த்தவர். சிரிச்சவர். போதுமாம்."

உடனே பதில் வந்தது. பின்னால் காற்று இரைந்தது. காலையிலிருந்து அவள் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப நான் எறங்கவா மாமா?"

"இறங்கு பிள்ளை" என்றேன். "பாத்து இறங்கு."