டி, யூ என்ற இரண்டு எழுத்துகள்

பச்சை எழுத்துகள் ஒளிரும் ஒரு திரை. அதில் ‘டி’, ‘யூ’. அதன் முன்னால் கன்னத்தில் கைவைத்தபடி, உடன் வேலைபார்த்த என் தோழி. தொண்ணூறுகளில் பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நிரல் எழுதிய காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது இந்தக் காட்சிதான்.

நிரலில் சில இடங்களில், வரப்போவது எந்த வகைத் தரவு என்று சொல்லாமல் வெறும் எழுத்தைப் போட்டுவைப்போம். பயன்படுத்துகிறவர் பிறகு வகையை நிரப்பிக்கொள்வார். எங்கள் மேலாளர் எழுதிய சோதனை நிரலில் டி, மின்பலகையின் வரிசை எண்ணுக்கு. யூ, அதில் அளந்த மின்னழுத்தத்துக்கு. அது அவருக்கு மட்டுமே தெரியும். புதிய இயந்திரத்தை அமைத்தவர்கள் இரண்டையும் மாற்றி நிரப்பிவிட்டார்கள். மின்னழுத்தம் முழு எண்ணாகி, புள்ளிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் வெட்டுப்பட்டது. கணினி தடுக்கவில்லை. நல்ல பலகைகள் ‘பழுது’ என்று குவிந்தன.

பழி, கீழ்த்தளத்தில் பலகைகளில் ஈயம் பற்றவைக்கும் அக்கா ஒருவர்மேல் விழுந்தது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருபவர். வேலையைவிட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு.

“இத்தன வருஷமா நல்லாத்தானே செஞ்சேன் தங்கச்சி, இப்ப மட்டும் எப்படி லா கெட்டுப்போகும்?” என்று கேன்டீனில் அவர் அழுததைக் கேட்ட என் தோழி, தட்டில் பாதி மீ நூடுல்ஸை அப்படியே விட்டு எழுந்தாள். ஒதுக்கப்பட்ட பலகை ஒன்றைத் தன் கையாலேயே அளந்தாள். மீட்டர் நான்கு புள்ளி ஒன்பது காட்டியது. திரை வெறும் நான்கு என்றது. அங்கிருந்து தேடிப்போய் அந்த இரண்டு எழுத்துகளில் நின்றாள். டி இருந்த இடமெல்லாம் ‘வரிசைஎண்வகை’, யூ இருந்த இடமெல்லாம் ‘அழுத்தவகை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்களைப் போட்டாள். இடம் மாறி நிரப்பியிருந்தது அப்போது பளிச்சென்று தெரிந்தது. அதைச் சரியாக மாற்றி நிரப்பினாள்.

“எல்லாரும் ‘டி’ன்னுதான் எழுதுறாங்க. எதுக்கும்மா இவ்ளோ நீளம்?” என்றார் மேலாளர்.

“நீளமா இருந்தா நமக்குக் கை வலிக்கும், அவ்ளோதான் லா சார். பேரே இல்லாம விட்டதுக்குக் கீழ ஒருத்தவங்களுக்கு வேல போகப்போகுது.”

 மேலாளர் திரையில் அந்த இரண்டு பெயர்களையும் விரல்வைத்துப் படித்தார். “வாங்க, நானே சொல்றேன்” என்று எழுந்தார்.

கீழே, எல்லோர் முன்னிலும், “தப்பு எங்களோடது. மன்னிச்சிருங்க” என்றார்.  அக்கா, ஒதுக்கிய பலகைகளைத் தானே ஒவ்வொன்றாகச் சோதனை இயந்திரத்தில் வைத்தார். பஸ் புறப்படும் நேரமானது, அவர் அசையவில்லை. குவியலின் கடைசிப் பலகையும் தேறிய பிறகுதான் கையுறையைக் கழற்றினார்.

பஸ் போய்விட்டிருந்தது. என் தோழி தன் மோட்டார்சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு ஃபெரித்துறைக்குப் போனாள். வாசலைத் தாண்டும்போது அக்கா அவள் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டதைப் பார்த்தேன்.