கேரம் ஆட்டமும் ஈர நெல்லும்

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் செல்போனில் என்னோடு கேரம் ஆடுவான். அப்பாவின் வீட்டை விற்றுவிடலாம் என்றான் அவன். நான் இதில் குடியிருக்கிற வரைக்கும் அது நடக்காது என்றேன் நான். அன்றைக்குப் போனை வைத்தவன்தான். மூத்தவள் நான், நான் எதற்கு முதலில் கூப்பிட வேண்டும்? கொஞ்ச நாள் கழித்து கேரம் ஆட வரச்சொல்லி ஆப்பில் ஓர் அழைப்பு மட்டும் வந்தது. ஆடினேன். அதிலிருந்து எங்கள் உறவு அந்தப் பலகை அளவுக்குத்தான். நல்லா இருக்கிறான், குறி தப்பாமல் அடிக்கிறான் என்று தெரிந்துகொள்வேன். அது போதும் என்று இருந்தேன்.

இந்த மாசியில் அதுவும் கெட்டது. ஆட்டம் பாதியில் சுற்றிச் சுற்றி நிற்கும், பிறகு அறுந்துவிடும். அறுந்தால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு, எதிராளி வெளியேறிவிட்டார் என்று ஆங்கிலத்தில் வரும். லைன் போச்சு என்று காட்டாது, பாழாய்ப்போன ஆப். அடுத்தடுத்து இப்படியே ஆக, ஒரு ஞாயிறு அவன் ஆட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை. அக்கா கோபத்தில் எழுந்து எழுந்து போகிறாள் என்று நினைத்திருப்பான். போகட்டும், எனக்கென்ன என்று வாயால் சொன்னேன். கை மட்டும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தது.

எங்கள் தெருவில் டவர் கிடைக்காது, எல்லாம் வைஃபைதான். முன் அறையில் பீரோ மேல் இருந்த மோடத்தை, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு இறக்கி ஜன்னலில் வைத்தேன். ஜன்னலிலிருந்து அலமாரிக்கு மாற்றினேன். அணைத்துப் போட்டேன். கம்பெனி ஆள் வந்து மோடத்தின் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "சிக்னல் ஃபுல்லா இருக்குங்க மேடம்" என்று போய்விட்டார். "ஒரு கேரம் ஆட்டத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நீயே ஒரு போன் பண்ணித் தொலையேன்" என்றார் என் வீட்டுக்காரர். "உங்க வேலையைப் பாருங்க" என்றேன். கேட்பது நியாயமாக இருந்தால் எனக்குக் கோபம் ஜாஸ்தி வரும்.

அவருக்கு அப்போது நெல்தான் வேலை. அறுப்பு முடிந்த கையோடு மேகம் திரண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டார்கள். மூட்டைகளைத் திரும்ப ஏற்றிவந்து கூடத்தில் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தோம். முன் அறைக்கும் நான் ஆடுகிற பின் அறைக்கும் நட்ட நடுவில். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். எங்களுக்குக் கூடத்தில் மூட்டை கிடப்பது சுவர் இருப்பது மாதிரி.

நெல் சூடேறி முளைவிடுகிறதா என்று பார்க்க ஒருநாள் மேலே ஏறிக் கையை விட்டேன். இடுப்பில் செருகியிருந்த போனில், அதுவரை வராமல் நின்ற வாட்ஸப் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டியது. இறங்கிப் பின் அறைக்குப் போனேன், செத்துவிட்டது. மறுபடி ஏறினேன், உயிர் வந்தது. அட கடவுளே, தண்ணீர் குடித்த நெல் அல்லவா வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது!

மூட்டையை வெளியே போட முடியாது, தூறிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்து, நானே அவனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். சுணை பட்டு உடம்பெல்லாம் அரிப்பு. வந்தான். ஆட்டம் அறுபடாமல் போனது. பாதியில், நாங்கள் இருவரும் அதுவரை தொடாத சாட் பெட்டியில் எழுதினான்: "இன்னிக்கு எழுந்து போகலையா?"

எனக்கு எரிந்தது. "நான் எங்கடா எழுந்து போனேன்? கூடம் பூரா ஈர நெல்லு, அதான் லைன அடைச்சிருக்கு. இப்ப மூட்டை மேல உட்கார்ந்துதான் ஆடுறேன்" என்று அடித்து அனுப்பினேன்.

அடுத்து அடிக்க வேண்டியவன் அவன். சிவப்புக் காய் குழி வாயிலேயே நின்றது, தட்டினால் விழும். அவன் தட்டவில்லை. எதிராளி வெளியேறிவிட்டார் என்று என் திரையில் வந்தது. அவன் இத்தனை வாரமும் பார்த்ததை அன்றைக்கு நான் பார்த்தேன். போடா, இனி நீ கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன் என்று இறங்கக் காலைத் தொங்கவிட்டேன்.

போன் அடித்தது.

"ஏன்க்கா, இன்னுமா காயல?" என்றான்.