சித்திக்கு நான் வரவழைத்த காய்ச்சல்

எனக்கு அப்போது ஒன்பது வயது. மண்ணரையில் எங்களோடு இருந்த சித்தி, பக்கத்துத் தெரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் டெய்லர். எங்கள் ஊரில் ஒரு ஷிப்ட் பார்ப்பவரை யாரும் உழைப்பாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஷிப்ட் முடித்து டீ குடிக்க வீட்டுக்கு வந்த சித்தி, விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "அரை ஷிப்ட்டுக்கு வல்லைன்னு போய்ச் சொல்லீட்டு வா கண்ணு" என்றாள்.

கம்பெனிக்குப் போய்ச் சொன்னேன். "நல்லாத்தான இருந்தா, திடீர்னு என்ன நோவு?" என்று கான்ட்ராக்டர் கேட்டதும் டெய்லர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. உடனே, சித்திக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் என்று அடித்துவிட்டேன். எல்லார் முகமும் மாறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பகலில் அந்த நல்ல மனிதர் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து நின்றார். சித்தி வாசலில் உட்கார்ந்து கோழிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அம்மிணி, காச்சல்னு சொன்னாங்க?"

சித்தி என்னைப் பார்த்தாள். இருமு, இருமு என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்தாள்.

"காச்சலெல்லாம் இல்லீங்க. எனக்கு மூட்டுவாதம். வெளிய பாத்தாத் தெரியாது. ஒரு ஷிப்ட் பிசிறில்லாம ஓட்டித் தாரனுங்க. அதுக்கு மேல ஓட்டுனா அடுத்த நாளு சீப்பக்கூடப் புடிக்க முடியாதுங்க."

"நான் வேற ஆளப் பாத்துக்கிட்டா?"

"பாத்துக்கங்க. இந்தத் தெருவுலயே நாலு கம்பெனி கேட்டுல டெய்லர் தேவைன்னு போர்டு தொங்குதுங்க."

அவர் ரொட்டியையும் பழத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு, "காலைல நேரத்துக்கு வந்துரு அம்மிணி" என்று சொல்லிப் போனார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அருமையான பொய் ஒன்றை இப்படிப் பாழாக்கிவிட்டாளே என்று அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. காய்ச்சல் என்று சொன்னவள் இரண்டு நாளில் குணமாகி ஒன்றரை ஷிப்ட்டுக்குப் போய் நிற்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சித்தியின் மூட்டுவாதம் குணமாகவே போவதில்லை என்பதும் தெரியாது.