ஒருவரும் வராத கூட்டத்தில் கேட்ட கைதட்டல்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் இதை நம்பமாட்டீர்கள் என்று தெரியும், அதிலும் என் தொழிலைக் கேட்ட பிறகு சுத்தமாக நம்பமாட்டீர்கள். தேர்தல் வந்தால் வேட்பாளர்களுக்கு இணையத்தில் பிரசாரம் செய்து கொடுப்பேன், மற்ற நாட்களில் பத்திரிகைகளுக்கு அரசியல் எழுதுவேன். காலிக் கதிரைகள் தெரியாமல் படம் எடுப்பது, ஈயாடுகிற கூட்டத்துக்குக் கைதட்டல் சேர்ப்பது எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் சொல்கிறேன், எந்தச் சத்தம் பிறகு ஒட்டியது, எது ஒட்டாதது என்று கேட்டவுடனேயே சொல்லிவிடுவேன்.

போன பிரதேச சபைத் தேர்தலில் கலா அக்காவுக்காக வேலை செய்தேன். பாலர் பாடசாலை ஆசிரியை, சுயேச்சை வேட்பாளர். தெல்லிப்பழைக்கு வடக்கே, போர்க்காலத்தில் பிடித்து வைத்திருந்து இராணுவம் விட்டுக்கொடுத்த கடலோரக் காணிகளுக்கு முதலில் திரும்பி வந்த சில குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அங்கே ரோட்டும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. அதைக் கேட்க சபையில் ஒரு ஆள் வேண்டும், அது நடந்தால்தான் மற்றச் சனமும் ஊருக்குத் திரும்பும், அவ்வளவுதான் அக்காவின் அரசியல்.

ஒரு பின்னேரம் அந்த ஊரிலேயே ஒரு வெறுங்காணியில் கூட்டம் வைத்தோம். அதே நேரத்துக்குப் பெரிய கட்சியொன்று சந்தியில் மேளதாளத்தோடு கூட்டம் வைத்துவிட்டது. எங்களிடம் இருந்தது அக்காவின் கணவர், ஒலிபெருக்கிக்காரர், நான், தூரத்தில் ஒரு மாடு. மாட்டுக்கு வாக்கும் இல்லை.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "ஆரோடை தம்பி நான் கதைக்கிறது? எங்கடை சனமே வரேல்லை. இவ்வளவும் காணும், நான் விலகிறன். இனி ஒரு இடமும் வரமாட்டன்."

"போனைப் பாத்துக் கதையுங்கோ அக்கா. வெளிநாட்டிலை இருக்கிற உங்கடை ஊராக்களாவது கேக்கட்டும்" என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் நம்பிக்கை இல்லை, பாவமாக இருந்தது, அதனால் சொன்னேன்.

அவருடைய சேலையில் சின்ன மைக்கைக் குத்தி நேரலையைத் தொடங்கினேன். குத்தியிருப்பவரின் குரலைத் தவிர வேறெதையும் பெரிதாக எடுக்காத மைக் அது. அக்கா தயங்கித் தயங்கிக் கதைத்தார். கொஞ்ச நேரத்தில் கீழே கருத்துகள் வரத் தொடங்கின. 'சனம் கனக்க வந்திருக்குப் போலை' என்று ஒருவர். 'உந்தக் கைதட்டல் ஒட்டினதோ?' என்று இன்னொருவர். நக்கலடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் அக்காவுக்குச் சைகையால் கைதட்டிக் காட்டினேன். அவர் நிமிர்ந்தார், குரல் ஏறியது, கடைசியில் அழுதுகொண்டே கதைத்து முடித்தார்.

அடுத்த நாள் காலை வெட்டித் தொகுக்க உட்கார்ந்து காதில் ஹெட்போனைப் போட்டால், நம்பினால் நம்புங்கள், அது நிறைந்த கூட்டம். கைதட்டல், ஒரு குழந்தையின் சிணுங்கல், சைக்கிள் மணி, ரோட்டைப் பற்றி அக்கா சொல்லும்போது பல பேர் சேர்ந்து "ஓமோம்" என்பது. கைதட்டல் ஒவ்வொன்றும் அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் விழுகிறது. நேரே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது எங்கடை ஊர்ச் சத்தம் தம்பி" என்றார். பிறகு, "இண்டைக்குப் பின்னேரமும் கூட்டம் வைப்பம்" என்றார்.

அன்று கதிரை போதவில்லை. நேரலையைப் பார்த்த வெளிநாட்டுச் சொந்தங்கள் இங்குள்ளவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, "அவ்வளவு சனம் போகுது, நீங்கள் ஏன் போகேல்லை?" என்று ஏசினார்களாம். அக்கா வென்றார். சபையில் சண்டை பிடித்துப் பிடித்தே ரோட்டும் வந்தது, தண்ணீரும் வந்தது, குடும்பங்களும் ஒவ்வொன்றாக வந்து இறங்குகின்றன. அந்தச் சந்தோசத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அந்தப் பதிவில் அக்காவுக்கு நான் போட்டுக் காட்டாத ஒரு துண்டு இருக்கிறது. கூட்டம் முடிந்து, மைக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு "வெளிக்கிடுவம் அக்கா" என்கிறேன். உடனே மிகக் கிட்டத்தில் ஒரு ஆண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவசரப்படாதேங்கோ தம்பி, இன்னும் ஆக்கள் வரக்கிடக்கு" என்கிறது. செத்துப்போன யாரோ என்று முடிவு கட்டி, அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன மாதம் பிரான்சிலிருந்து ஒரு ஐயா குடும்பத்தோடு வந்து தன் காணியைத் துப்பரவாக்கினார். ஊரை விட்டுப் போன பிறகு இப்போதுதான் முதல்தரம் வருகிறாராம். அக்காவின் முகநூல் பக்கத்தில் போட எல்லோரையும் கிணற்றடியில் நிறுத்திப் படம் எடுக்கப் போனேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

"அவசரப்படாதேங்கோ தம்பி, இன்னும் ஆக்கள் வரக்கிடக்கு."

அதே குரல். கூட்டம் நடந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன், பிரான்சில் வேலையில் நின்றாராம், நேரலையைக்கூடப் பார்க்கவில்லையாம். அன்று கைதட்டியவர்கள் போய்ச் சேர்ந்தவர்களா, இனி வந்து சேரப்போகிறவர்களா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. சாமான் ஏற்றிய லொறி வந்து நின்றால், இறங்குகிறவர்கள் வாய் திறக்கும் வரைக்கும் நான் அங்கேயே நிற்கிறேன்.