நின்ற தாளம்

ஜினேஷுக்கு முப்பத்தொரு வயதில் பக்கவாதம் வந்தபோது குட்டநாட்டில் ஒருவரும் அதைப் பக்கவாதம் என்று நினைக்கவில்லை. சுண்டன் வள்ளம் என்னும் நீண்ட பந்தயப் படகின் பயிற்சியில் அவன் துடுப்பு முன்னால் இருந்தவன் முதுகில் இடித்தது, வாய் குழறியது. "கள்ளு ஷாப்புலேர்ந்து நேரா வந்துட்டான்டா" என்று வள்ளத் தலைவர் குஞ்ஞச்சன் அவனைக் கரையில் கிடத்திவிட்டுப் போனார். அவர் சொன்னதற்கு மேல் அங்கே பேச்சேது? சாயங்காலம் வரை கிடந்தான். சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

இரண்டு வருடத்தில் கால் ஓரளவு தேறியது. வலது கை தொங்கியே போனது, வாயும் ஒரு பக்கம் கோணியே நின்றது. பேச்சுதான் கொடுமை. மனசில் எது இருந்தாலும் வாயில் 'துடுப்பு' என்றே வந்தது. சாயா வேண்டுமென்றாலும் துடுப்பு, கோபம் வந்தாலும் துடுப்பு.

"ஒருநாள் என்னையும் துடுப்புன்னு சொல்லி மூலைல சாத்தி வெச்சிடுவீங்க சேட்டா" என்பாள் மனைவி லிஜி. அவனும் சிரிப்பான்.

வள்ளத்தின் நடுவில் நின்று உலக்கையால் பலகையை இடித்துத் தாளம் கொடுப்பவன் அந்த வருடம் துபாய் போய்விட்டான். ஜினேஷுக்கு இடது கை இருந்ததே! லிஜிதான் குஞ்ஞச்சனிடம் போய்க் கேட்டாள்.

"அச்சாயா, ஒரு தடவை நிக்க விடுங்க. வீட்ல உக்காந்தே மனுஷன் செத்துட்டிருக்கார்."

"நூறு துடுப்பும் அந்த உலக்கைய நம்பித்தான்டீ விழுது. ஒரு அடி தப்பட்டும், இறக்கி விட்டுருவேன். அப்புறம் வள்ளத்துப் பக்கமே வரக் கூடாது."

முதல் நாள் பயிற்சியில் ஓர் அடியும் தப்பவில்லை. ஜினேஷுக்கு நெஞ்சு நிறைந்தது. எதிரே குஞ்ஞச்சன் பாடிக்கொண்டே துழாவினார். திடீரென்று பாட்டு குழறியது. அவர் துடுப்பு பக்கத்தவனை இடித்தது.

"அச்சாயன் இன்னிக்கு ஒரு குப்பி கூடுதல்!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் வாயோரம் கோணுவதை ஜினேஷ் கண்டான்.

"துடுப்பு! துடுப்பு!" என்று அலறினான். வேகம் கேட்கிறான் என்று நினைத்து அவர்கள் இன்னும் வலித்தார்கள். ஆஸ்பத்திரி இருந்த டவுன் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. இனி இந்த வள்ளத்தில் தனக்கு இடமில்லை என்று தெரிந்தேதான் அவன் உலக்கையை நிறுத்தினான்.

துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. வள்ளம் சாய்ந்தது. "அடி தப்பிட்டான்! தள்ளுங்கடா அவனை!" என்று துழாவியவர்கள் கத்தினார்கள்.

அவன் உலக்கையை நீட்டிக் குஞ்ஞச்சனின் வாயைக் காட்டினான். பிறகு தன் கோணல் வாயைத் தொட்டான், செத்த கையைத் தூக்கிக் காட்டினான்.

"எடா, இவனுக்கு வந்த அதேதான்டா!" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

வள்ளம் திரும்பியது. ஆஸ்பத்திரி படித்துறை வரை ஜினேஷ் இடித்த இடியில் பலகை விண்டுபோனது.

குஞ்ஞச்சன் பிழைத்தார், கையும் பிழைத்தது. பேச்சு மட்டும் சிதறிவிட்டது. ஜினேஷ் பார்க்கப் போனபோது அவர் அவனுடைய செத்த வலது கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். "குடை... மோனே, குடை..."

"காலைலேர்ந்து இதேதான். குடையும் குடுத்துப் பார்த்தாச்சு, தூக்கி எறியறார்" என்றாள் நர்ஸ்.

அவர் குடையைக் கேட்கவில்லை, மன்னிப்புத்தான் கேட்கிறார் என்று ஜினேஷுக்குப் புரிந்தது. அவர் சொல்லச் சொல்லத் தலையசைத்தான். அழுகை அடங்கும்வரை அவசரப்படுத்தாமல் இருந்தான்.

"நாளைக்கும் வர்றீங்களா?" என்றாள் நர்ஸ். "அந்தக் கடைசிக் கட்டில் சேச்சிக்கும் பேச்சு இப்படித்தான். யார் போனாலும் முகத்தத் திருப்பிக்கறாங்க."

நாளைக்கு எதற்கு? ஜினேஷ் காலை இழுத்துக்கொண்டு அப்போதே அந்தக் கட்டிலுக்கு நடந்தான்.